தட்டிக்கு இருபுறமும் ஒரே கடல்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் சக்கரத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றத்தக்கது, எட்டடி நீளமும் ஆறடி உயரமும் கொண்ட ஒரு ப்ளைவுட் தட்டி. நெருப்பை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேனே என்று யாரும் வருந்த வேண்டாம். நெருப்பு சமைக்க உதவும், குளிர்காய உதவும், அறிவியலை வளர்க்காது. தட்டி வளர்த்தது. அதை வடிவமைத்தவன் நான் என்பதால் இதை அடக்கத்துடன் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் 'கடல்வாழ் பாலூட்டிகள் கரையோரக் காவல் பிரிவு'. கட்டடம் என்று பார்த்தால், குன்றின் மேல் தகரக் கூரை போட்ட ஒரே அறை. கடல் பக்கத்துச் சுவர் கிடையாது. தொண்ணூறு அடி கீழே விரிகுடா. இயக்குநர் மட்டும் ஊருக்குள் வேறொரு கட்டடத்தில் இருந்தார். அங்கே கடல் தெரியாது. ஆனால் திமிங்கலப் படம் போட்ட காலண்டர் இருந்தது.

வேலை எளிமையானது. விரிகுடாவில் புதிய படகுத்துறை வரப்போகிறது. அதற்காகக் கடல் தரையில் நாற்பது இரும்புத் தூண்களை அடித்து இறக்க வேண்டும். மிதவையின் மேல் நிற்கும் ராட்சதச் சம்மட்டி ஒரு தூணை அடித்தால், அந்தச் சத்தம் காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் தண்ணீருக்குள் ஓடும். நமக்குக் கண் எப்படியோ, திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும் காது அப்படி. வழி தெரிவது, இரை தெரிவது, தாய்க்குக் குட்டி எங்கே என்று தெரிவது எல்லாம் காதால்தான். பக்கத்தில் சம்மட்டி விழுந்தால் அந்தக் காது போய்விடும். எனவே சட்டம் சொல்கிறது: அடிப்பதற்கு முன் அரைமணி நேரம் கரையிலிருந்து கடலைக் கவனி. ஒரு கிலோமீட்டருக்குள் ஏதாவது தென்பட்டால் சிவப்புக் கொடி. இல்லையென்றால் பச்சை.

கடலைப் பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. வந்ததும் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொள்கிறவர் ஒன்றையும் காண மாட்டார். அது காட்டும் வட்டம் மிகச் சிறியது. முதலில் வெறும் கண்ணால் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை, புத்தகத்தில் ஒரு வரியைப் படிப்பதுபோல் மெதுவாகப் போக வேண்டும். பிறகு அடுத்த வரி. தேட வேண்டியது திமிங்கலத்தை அல்ல, ஒழுங்கு கெட்ட இடத்தை. எல்லா அலையும் ஒரு பக்கம் போகும்போது ஒரு கறுப்பு மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அது துடுப்பு. பறவைகள் ஓரிடத்தில் கூச்சல் போட்டால் கீழே பந்தி நடக்கிறது. புகைபோல் ஒன்று எழுந்து, சாய்ந்து, கரைந்தால் அது திமிங்கலத்தின் மூச்சு. இப்படிச் சந்தேகம் வந்த பிறகுதான் பைனாகுலர். அதற்குள் ஏணிப்படிபோல் சிறு கோடுகள் இருக்கும். மேல்கோட்டைத் தொடுவானத்தில் பொருத்திவிட்டு, விலங்கு எத்தனை கோடு கீழே இருக்கிறது என்று எண்ணினால் தூரம் வந்துவிடும். எங்கள் குன்றிலிருந்து ஐந்து கோடு என்றால் ஒரு கிலோமீட்டர். அதற்கும் கீழே என்றால் இன்னும் பக்கம். என்ன அழகான ஏற்பாடு! இதை விளக்கும்போதெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். என் மனைவி எழுந்து போய்விடுவாள்.

இனி தட்டி. கவனிக்க இரண்டு காவலர்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒருவர் "அதோ!" என்பார். மற்றவர் "ஆமா ஆமா" என்பார். இரண்டாமவர் பார்த்தது கடலையா, முதலாமவரின் விரலையா? அறிவியல் விரலை ஏற்காது. ஆகவே இருவருக்கும் நடுவில் தட்டி. இருபுறமும் ஒரே கடல். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பேசக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. நாற்காலி கிறீச்சிடக் கூடாது. அரைமணி முடிந்ததும் 'தென்பட்டது', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றை டிக் செய்து, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு தாளும் ஒத்துப்போனால் 'இசைவு'. ஒத்துப்போகாவிட்டால் 'மாறுபாடு'.

மேற்பார்வையாளரான நான் இருவருக்கும் பின்னால், தட்டியின் விளிம்புக்கு நேராக, உயரமான ஒரு நாற்காலியில் இருப்பேன். என்னிடமும் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரே கேள்விதான்: 'காவலர்கள் மௌனம் காத்தார்களா?' கடலைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை.

மாறுபாடு வந்தால் யார் சொல்வது நிற்கும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மூத்த காவலர் சொல்வது நிற்கும். அவர் இயக்குநரின் மைத்துனர் என்பதற்காக அல்ல. ஒன்பது ஆண்டுகளாகக் கடலைப் பார்த்து அவர் ஒரே அளவைத்தான் தந்திருந்தார்: பூஜ்யம். ஒரு கருவிக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? ஏறி இறங்கும் தராசை யார் நம்புவார்? எனவே கோப்பில் அவரைத் 'தரக்கருவி' என்று அறிவித்தோம். நாளடைவில் எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது காவலர் என் கொழுந்தியாள். அதற்கு முன் பத்து வருடம் பழைய படகுத்துறையில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவள். கவுன்ட்டரின் சின்னச் சதுர ஓட்டை வழியாகக் கடலைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் அநியாயத்துக்குக் கூர்மையாகிவிட்டது. புதிய துறையில் டிக்கெட்டை இயந்திரம் கொடுக்கப்போகிறது என்று அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் சிபாரிசு செய்தேன். மூன்று மாதம் 'தகுதிகாண் பருவம்'. மூன்றாம் மாதத்தில் அவளுடைய இசைவு விகிதம் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் வேலை நிரந்தரம். தூண்கள் வந்து சேரவும் அதே மூன்று மாதம் ஆகும் என்பதால், அதுவரை எல்லாம் ஒத்திகை. அவளுடைய பருவத்தின் கடைசி நாளில் முதல் அடி.

முதல் நாள், முதல் அரைமணி, நான்காவது நிமிடம்.

"அத்தான்! அதோ, பாறைக்கு இந்தப் பக்கம்..."

"உஷ்!"

"குட்டியோட வந்திருக்கு அத்தான்! திமிங்கலம்!"

"இங்க நான் அத்தான் இல்லை. மேற்பார்வையாளர்."

"சரி, மேற்பார்வையாளர் அத்தான், குட்டியோட வந்திருக்கு!"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தரக்கருவியின் குரல் வந்தது. "என்னம்மா வந்திருக்கு? டீயா?"

அந்த அரைமணியை ரத்து செய்தேன். இடைவேளையில் அவளை உட்கார வைத்து, பார்த்ததைச் சொல்வது எப்படி அறிவியலுக்குக் கேடு என்று பொறுமையாக விளக்கினேன். அவள் கெட்டிக்காரி, அதன்பின் வாயைத் திறக்கவில்லை. பார்த்தாள், டிக் செய்தாள், பெட்டியில் போட்டாள். குட்டி ஈன வந்த தாய்த் திமிங்கலம் அந்தப் பருவம் முழுவதும் விரிகுடாவிலேயே தங்கியிருந்தது. அது வராத நேரத்தில் டால்பின்கள் வந்தன.

நாளுக்கு ஆறு அரைமணி, மாதத்துக்கு நூற்றைம்பது. முதல் மாத முடிவில் பெட்டியைத் திறந்தேன். அவள் ஐம்பத்தேழு முறை 'தென்பட்டது'. தரக்கருவி வழக்கம்போல் பூஜ்யம். இசைவு விகிதம் அறுபத்திரண்டு.

இயக்குநர் என்னை அழைத்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு பார்க்குது?"

"கண் நல்லா இருக்கு ஐயா."

"அதைச் சரி பண்ண முடியாதா?"

"பயிற்சி கொடுத்துப் பார்க்கிறேன் ஐயா."

"கொடுங்க. தலைமையகத்துலேர்ந்து குழு வரப்போகுது. முதல் அடி அன்னைக்கு வந்து உங்க தட்டியைப் பார்க்கறாங்க. பிடிச்சிருந்தா நாற்பது விரிகுடாவுக்கும் இதே முறைதான். அறுபத்திரண்டைக் காட்டினா சிரிப்பாங்க."

நாற்பது விரிகுடா! நாற்பது தட்டி! அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

வீட்டில் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்த சத்தம் சம்மட்டியை மிஞ்சியது. "என் தங்கச்சிக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு வேலையை விட்டு அனுப்பப் போறீங்களா?"

"கண்ணுக்காக இல்ல. இசைவுக்காக."

"பக்கத்துல இருக்கறவருக்குக் கண்ணு தெரியல. அதுக்கு இவ என்ன பண்ணுவா?"

"தெரியலைன்னு சொல்லாதே. நிலையா இருக்குன்னு சொல்லு."

எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த கொழுந்தியாள் எனக்குச் சோறு பரிமாறினாள். வேலை போனால் திரும்பிப் போக அவளுக்குக் கவுன்ட்டர் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கடைசியில் அவளே கேட்டாள். "இப்போ ஒத்திகைதானே அத்தான்? நான் 'இல்லை'ன்னு போட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா பார்த்துட்டு 'இல்லை'ன்னு போடக் கூடாது. அது பொய்."

"பின்ன?"

"பார்க்காம இருக்கக் கத்துக்கணும்."

அடுத்த நாளிலிருந்து பயிற்சி. உலகத்தில் காண்பதற்குக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. காணாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தவன் நான் ஒருவனே. கண் எங்காவது நின்றால்தான் எதுவும் தெரியும். எனவே நிற்கவே விடக் கூடாது. வெயில் பட்டுத் தண்ணீர் கண்கூசும் இடம் ஒன்று எப்போதும் இருக்கும். பார்வையை அங்கே குடியிருத்த வேண்டும். அலையைப் பார்க்க வேண்டும், அலைகளுக்கு நடுவில் பார்க்கக் கூடாது.

"கண்ணை மூடிக்கட்டுமா அத்தான்?"

"கூடாது. முறைகேடு. திறந்துதான் இருக்கணும். ஆனா பார்க்கக் கூடாது."

"அது எப்படி?"

"ஆபீஸ்ல நாங்க எல்லாரும் அப்படித்தான் இருக்கோம். பழகிடும்."

பழகியது. இரண்டே வாரத்தில் அவளுக்குத் தொடுவானம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஒரே ஒரு சங்கடம். திமிங்கலத்தின் மூச்சு அழுகிய முட்டைக்கோஸ்போல் நாறும். கடற்காற்று கரைப்பக்கம் அடித்தால் குன்று வரை வரும். "மூக்கை என்ன பண்றது அத்தான்?" என்று கேட்டாள். படிவத்தில் மூக்குக்குக் கட்டம் கிடையாது என்று காட்டி அவளை ஆறுதல்படுத்தினேன்.

இதற்கிடையில் விதிப்படி நடந்த ஒரு காரியம் எங்களைக் கவிழ்த்தது. அலுவலகக் கருவிகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை 'பராமரிப்புக்கு' அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. பைனாகுலர்களை அனுப்பினோம். எடை இயந்திரத்தை அனுப்பினோம். பட்டியலில் அடுத்து தரக்கருவி இருந்தார். அனுப்பினோம். கண் ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு கண்களிலிருந்தும் புரையை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அவர் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து பார்க்கிறேன், மனிதரின் தோள் குலுங்குகிறது. இடைவேளையில் என்னிடம் ஓடி வந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"சார், கடல்ல ஆளுங்க இருக்காங்க!"

"ஆளுங்களா?"

"கறுப்பா, பெருசு பெருசா! மேல வந்து ஒரு மூச்சு விட்டுட்டு, நம்மளை ஒரு பார்வை பார்த்துட்டுப் போறாங்க சார். ஒன்பது வருஷமா இவங்க இங்கதான் இருந்தாங்களா?"

"அதைச் சொல்றது என் வேலை இல்லை."

"ஒருத்தர் குட்டி வேற. அம்மா முதுகு மேல ஏறிச் சறுக்குது. அந்தப் பக்கத்துப் பொண்ணுகிட்ட சொல்லட்டுமா? அது பார்த்திருக்காதோ என்னவோ."

"தட்டி எதுக்கு இருக்கு?" என்றேன்.

இரண்டாம் மாத முடிவில் பெட்டி திறக்கப்பட்டது. தரக்கருவி அறுபத்தாறு முறை 'தென்பட்டது'. கொழுந்தியாள் ஒருமுறைகூட இல்லை. இசைவு விகிதம் ஐம்பத்தாறு.

இந்த முறை இயக்குநர் எங்கள் இருவரையும் அழைத்தார், என்னையும் கருவியையும்.

"மச்சான், உனக்கு என்ன ஆச்சு?"

"தெரியுது மாப்பிள்ளை. எல்லாம் தெரியுது."

"யாரு தெரியச் சொன்னது? கருவின்னா கருவியா இரு. ஒன்பது வருஷத்துப் பேரை ஒரே மாசத்துல கெடுத்துட்டியே!"

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்குப் பார்வை மந்தம் போலிருக்கு சார். பாவம், ஒண்ணுமே தெரியல. நான் பார்த்ததைப் போட்டா அதுக்கு வேலை போயிடும்ல? விடுங்க, எனக்கு வீட்டுல மகன் இருக்கான், சோத்துக்குக் கவலையில்ல. பூஜ்யமே போட்டுடறேன். ஒத்திகைதானே?"

அவளுக்காக அவர் காணாமல் இருக்கிறார். அவருக்கு ஏற்றபடி அவள் காணாமல் இருக்கிறாள். இரண்டையும் அறிந்தவன் நான் ஒருவன். ஒருவரிடம் மற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அது 'சார்பு', தட்டி எதற்கு? ஆகவே அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை மட்டும் ஒட்டினேன்: 'தரக்கருவி திருத்தப்பட்டது. வாசிப்பு மீண்டும் பூஜ்யம்.' சுற்றறிக்கை பேச்சாகாது.

கொழுந்தியாள் அதைப் படித்துவிட்டு, "மறுபடி புரை வந்துடுச்சா? பாவம்!" என்றாள்.

மூன்றாம் மாதம் பொற்காலம். தாயும் குட்டியும் பாறைக்கு அருகில் புரளும். டால்பின்கள் எம்பிக் குதிக்கும். ஒருநாள் குட்டி முதன்முறையாகத் தண்ணீரை விட்டு முழுதாக மேலே வந்து, தடாலென்று விழுந்தது. அந்தத் தெறிப்பில் மிதவையில் காயப்போட்டிருந்த துணிகள் நனைந்தன. தட்டியின் இருபுறமும் இரண்டு பேனாக்கள் 'இல்லை' என்று டிக் செய்தன. நான் என் படிவத்தில் 'மௌனம் காத்தனர்' என்று டிக் செய்தேன். கடைசி நாளுக்கு முந்தைய நாள் வரை இசைவு விகிதம் நூறு. கருவியும் மனிதரும் ஒன்றாகிவிட்ட நிலை. அறிக்கையில் இதை 'அறிவியல் ஒருமைப்பாடு' என்று எழுதினேன்.

கடைசி நாள் காலை. சமையலறையில் கொழுந்தியாள் என்னெதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு நிஜமாவே அடிப்பாங்களா அத்தான்?"

"ரெண்டு தாளும் 'இல்லை'ன்னா அடிப்பாங்க."

"நான் மட்டும் 'தென்பட்டது'ன்னு போட்டா?"

"மாறுபாடு. தரக்கருவி சொல்றது நிக்கும். அது பூஜ்யத்துல இருக்கு."

"அப்போ நான் போட்டாலும் அடிப்பாங்க. குழு முன்னாடியே மாறுபாடு வந்தா, விகிதம் எவ்வளவு இருந்தாலும் எனக்கு வேலையும் போயிடும்."

"சரியாப் புரிஞ்சுக்கிட்டே!" என்று பாராட்டினேன். முறை ஒருவருக்குத் தெளிவாகப் புரியும்போது விளக்கியவனுக்கு வரும் நிறைவே தனி. அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

பத்து மணிக்குத் தலைமையகக் குழு வந்தது. தலைவர் ஓர் அம்மையார். கறுப்புக் கண்ணாடி, கனத்த கோப்பு. குன்றேறி வந்தவர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"எத்தனை மில்லிமீட்டர்?"

"பன்னிரண்டு மேடம்."

"வளையாதா?"

"குறுக்குச் சட்டம் கொடுத்திருக்கோம் மேடம்."

"அருமை" என்றார். இயக்குநர் என் முதுகில் தட்டினார்.

கீழே மிதவையில் சம்மட்டி உயர்ந்து நின்றது. அதை இயக்கும் இன்ஜினியரை நாங்கள் சம்மட்டிக்காரர் என்போம். வாக்கிடாக்கியில் கரகரத்தார்: "சார், ரெடி. கொடியைக் காட்டினீங்கன்னா அடிச்சிடலாம்."

அரைமணி தொடங்கியது. இருபதாவது நிமிடத்தில், பாறையை ஒட்டிப் புகைபோல் ஒன்று எழுந்து, சாய்ந்து, கரைந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு புகை; சின்னது. இரண்டும் மிதவையை நோக்கி நிதானமாக வந்தன. நான் கோடு எண்ணத் தேவையில்லை. இருநூறு மீட்டர்கூட இருக்காது.

தட்டியின் இடப்பக்கம் கொழுந்தியாளின் பேனா நின்றது. வலப்பக்கம் தரக்கருவியின் கால் ஆடுவது நின்றது. இருவர் முகமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பின்கழுத்துகளும் தெரிந்தன. இரண்டிலும் வியர்வை. காற்று கரைப்பக்கம் அடித்தது. முட்டைக்கோஸ் நாற்றம் குப்பென்று ஏறியது.

"என்ன வாடை?" என்றார் அம்மையார்.

"கீழே ஓட்டல் இருக்கு மேடம்" என்றார் இயக்குநர்.

அரைமணி முடிந்தது. இரண்டு தாள்கள் பெட்டிக்குள் விழுந்தன. எல்லோர் முன்னிலையிலும் பிரித்தேன். இல்லை. இல்லை. கைதட்டல். அம்மையார் நிரந்தர நியமன ஆணையைக் கோப்பிலிருந்து எடுத்து, கொழுந்தியாளை அருகில் வரச் சொன்னார். இயக்குநர் பச்சைக் கொடியை ஏற்றினார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "சார், பச்சை பார்த்தேன். ஆனா என் கண்ணு முன்னாடி ஒரு குட்டி நிக்குது. பக்கத்துல அதோட அம்மா. அடிக்கட்டுமா?"

"நீங்க கடமைக் காவலர் இல்லை. உங்க பார்வை 'தற்செயல் பார்வை'. கணக்குல வராது" என்று விளக்கினேன்.

"கணக்கு இருக்கட்டும் சார். நான் கேக்கறது ஒண்ணுதான். அங்கே உயரத்துல நிக்கறீங்களே, உங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

"மேற்பார்வையாளரோட படிவம் ரெண்டாம் பிரிவுப்படி..." என்று ஆரம்பித்தேன். அவருக்கு அடிப்படையிலிருந்து புரிய வைக்க வேண்டியிருந்தது. விரல் எப்படி அறிவியலைக் கெடுக்கிறது என்ற இடத்துக்கு வருவதற்குள் என் கையிலிருந்த வாக்கிடாக்கியைக் காணவில்லை.

அது கொழுந்தியாளிடம் இருந்தது. மறு கையில், இன்னும் மடிப்புக் கலையாத ஆணை.

"அடிக்காதீங்க அண்ணே! தாயும் குட்டியும்! உங்களுக்கு இடப்பக்கம், ரொம்பப் பக்கம்! அடிச்சிடாதீங்க!"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி கவிழும் சத்தம். "உனக்குத் தெரியுதாம்மா?" என்று தரக்கருவி தட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "உனக்கும் தெரியுதா? ரெண்டு இல்லம்மா, மூணு!"

"ரெண்டுதான் சார். நான் மூணு மாசமாப் பார்க்கறேன்!"

"மூணு! அந்தக் குட்டிக்குப் பின்னாடி பாரு!"

"அது டால்பின் சார், கூட விளையாடுது!"

"டால்பின்னா ஆள் இல்லையா?"

அவர் விரலை நீட்ட, அவளும் வந்து தட்டியில் சாய்ந்து விரலை நீட்ட, இரண்டு பேருடைய எடையையும் தாங்காமல் பன்னிரண்டு மில்லிமீட்டர் தட்டி, குறுக்குச் சட்டத்தோடு, குழுவின் டீ மேசை மேல் சாய்ந்தது. அம்மையார் அப்போதுதான் முதன்முறையாகக் கடல் பக்கம் திரும்பினார். கோப்பில் கொட்டிய டீயை வெயிலில் உலர்த்துவதற்காக.

கீழே சம்மட்டி அடிக்காமல் மெதுவாக இறங்கி நின்றது. "இயந்திரக் கோளாறு சார்" என்றது வாக்கிடாக்கி. "பெரிய கோளாறு. எப்போ சரியாகும்னு சொல்ல முடியாது." அந்தக் கோளாறு பதினோரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் தாயும் குட்டியும் விரிகுடாவை விட்டுத் திறந்த கடலுக்குப் போயின. அன்று பிற்பகலே இயந்திரம் தானாகச் சரியாகிவிட்டது.

விசாரணை நியாயமாக நடந்தது. காவலர்கள் இருவர் மீதும் குற்றச்சாட்டு ஒன்றே: 'கடமையிடத்தில் ஒருவரோடொருவர் பேசியது'. இருவரும் நீக்கப்பட்டார்கள். தரக்கருவியின் இடத்துக்கு வேறு கருவி வரும்வரை அவருடைய நாற்காலியே அந்தப் பொறுப்பை வகித்தது. அதன் வாசிப்பும் பூஜ்யம்தான். சம்மட்டிக்காரருக்கு இயந்திரத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று ஒரு குறிப்பாணை போயிற்று. அவர்கள் பேசியது இருநூறு மீட்டரில் நின்ற குட்டியைப் பற்றி என்பது விசாரணை அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் வாக்குமூலமும் அதில் இருக்கிறது. என்னிடம் கேட்ட கேள்வி, 'மௌனம் காத்தனரா?' என்பது. 'இல்லை' என்று உண்மையைச் சொன்னேன்.

முறைக்கு எந்தச் சேதமும் இல்லை. நாற்பது விரிகுடாவுக்கும் அது ஏற்கப்பட்டது. நான் துணை இயக்குநர் ஆனேன். தட்டியைக் கொஞ்சம் மேம்படுத்தியும் இருக்கிறேன். காவலர்கள் மேல் சாரல் அடிக்கிறது என்று புகார் வந்ததால், இப்போது முன்பக்கமும் ஒரு தட்டி. இசைவு விகிதம் நூறுக்குக் கீழே இறங்கியதே கிடையாது.

அந்த இருவரும் இப்போது குன்றின் அடிவாரத்தில், பழைய டிக்கெட் கவுன்ட்டர் இருந்த இடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றுலாப் படகுக்காரர்கள் அவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். என்ன வேலை? எங்கே தெரிகிறது என்று கத்தும் வேலை. கத்துவதற்குச் சம்பளம்! "அதோ!" என்று அவள் கத்துவாள், "ஆமா ஆமா!" என்று அவர் கத்துவார், சுற்றியிருக்கும் கூட்டம் மொத்தமும் விரல் நீட்டிக்கொண்டு கத்தும். தூண்கள் இறங்கிய பிறகு திமிங்கலம் வருவதில்லை. டால்பின்கள் எப்போதாவது வருகின்றன. வராத நாளில் இருவரும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அறிவியலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். கொழுந்தியாள் பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள்.

"அத்தான், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. அன்னைக்கு அந்தக் குட்டியை நீங்களும் பார்த்தீங்கல்ல?"

நான் பொறுமையாக விளக்கினேன். மேற்பார்வையாளரின் படிவத்தில் கடலுக்கு இடமில்லை. இடமில்லாததைப் பார்ப்பது வேறு, பதிவது வேறு, சொல்வது வேறு. அவள் முழுவதையும் கேட்டாள். அவளும் பொறுமைசாலிதான்.

"அது சரி அத்தான். பார்த்தீங்களா இல்லையா?"

தரக்கருவி பைனாகுலரை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இப்போது அவருக்கு எல்லாம் தெரிகிறது.

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அவள் பேசாமல் உட்கார்ந்திருந்த அரைமணிக்குக் காரணம் கேட்டால் அவள் தட்டியைக் காட்டலாம். அவரும் காட்டலாம். இப்போது குன்றின் மேல் இருக்கும் காவலர்களோ, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று இரண்டைக் காட்டலாம். அந்த உயரமான நாற்காலியை நானே அளந்து, நானே இடம் பார்த்துப் போட்டேன். அதன் முன்னால் எந்தத் தட்டியும் இருக்கவில்லை.